லகெர்ட் கடித்த மேப்பிள் கட்டி

ஒனெசிம் லகெர்ட்டை இன்றைக்குக் கனடாவின் மொன்றியலில் எவருக்கும் தெரியாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் தேர்தலில் வென்று, ஏழைகளின் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமென்று சபையில் தொண்டை கிழியக் கத்தியவர். ஒருமுறை அமைச்சரும் ஆனார். நாற்காலி சூடாகுமுன் அரசு கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் சொந்த மைத்துனனிடமே தோற்றார். மனைவியும் போய்ச் சேர்ந்தபின், மனிதர் சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவர் இருந்த வீடு இப்போது வில்லரேப் பகுதியில் ஒரு சின்ன அருங்காட்சியகம். வாசலில் ரிக்கெற் கிழிப்பவர் யோகேந்திரன். ஆட்கள் வந்தால்தானே கிழிப்பதற்கு? பாதி நாள் லகெர்ட்டின் படமும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பார்கள். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். அங்கே பார்த்துக்கொண்டிருப்பது புஷ்பராணியின் படம்.

மனைவி புஷ்பராணி போன குளிர்காலத்தில் இறந்தாள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சிறு புத்தகம் இல்லாமல் எங்கள் ஆட்கள் எவரையும் வழியனுப்புவதில்லை. "அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும்" என்றான் மகன் சாரங்கன். யோகேந்திரன் இருந்து இருந்து பார்த்தார். அவள் பிறந்த ஊருக்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. கல்வெட்டு இல்லாமலே கிருத்தியம் நடந்தது.

"இவ்வளவு காலம் கூட இருந்தனீங்கள். சொல்ல ஒண்டுமில்லையோ?" என்று கேட்ட சாரங்கன், அதோடு நகரத்தின் மற்றப் பக்கம், பியர்பொன்ட்ஸிலிருந்து வருவதை நிறுத்திவிட்டான். பிள்ளை கேட்டதில் என்ன பிழை? ஆண்டுத் திவசத்துக்குள்ளாவது எழுதாவிட்டால் அவனும் போனதுதான் என்று யோகேந்திரன் பயந்தார்.

இந்த லட்சணத்தில் அருங்காட்சியகத்தை நடத்தும் மடாம், வருகிறவர்கள் ஹெட்போனில் கேட்பதற்கு லகெர்ட்டின் கதையைத் தமிழில் பேசிப் பதியச் சொன்னாள். வருடங்களை அடுக்காமல் மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டுமாம். அதை யார் கண்டது? யோகேந்திரன் மைக்கின் முன்னால் இருந்தார். தேர்தலைச் சொன்னார், குழாயைச் சொன்னார். அதற்குப் பிறகு வாய் தன்பாட்டில் போனது. மடாமுக்குத் தமிழ் தெரியாது. மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டாள்.

திவசத்துக்கு முந்தின கிழமை சாரங்கன் அருங்காட்சியகத்துக்கு வந்தான். ஐயர் வரும் நேரத்தைச் சொல்ல எடுத்த போனைத் தகப்பன் எடுக்கவில்லை என்று கோபம். யோகேந்திரன் யாரோ ஒரு கிழவருக்குக் கோட்டைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தார். காத்திருந்த சாரங்கன் சும்மா ஹெட்போனை மாட்டித் தமிழ்ப் பொத்தானை அமத்தினான்.

"லகெர்ட் ஐயா தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். மேப்பிள் மரத்துச் சீனிக் கட்டியைக் கடவாயிலை வைச்சுக் கடிச்சுக் கடிச்சுக் குடிப்பார். நோவெண்டால் சொல்லார். கேட்டால் சும்மா எண்டுவார். மகனோடை எவ்வளவு சண்டை பிடிச்சாலும், அவன் பஸ் ஏறுமட்டும் யன்னலடியிலை நிண்டு பாப்பார்."

யோகேந்திரன் திரும்பியபோது மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்தக் காலத்திலை பஸ் ஏது?"

யோகேந்திரன் ஹெட்போனை வாங்கக் கையை நீட்டினார். "பிழைதான் தம்பி. திருத்திப்போடுறன்."

"வேண்டாம்." சாரங்கன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டான். "அந்தாளின்ரை பேரை எடுத்துப்போட்டு, அம்மாவின்ரை பேரைச் சொல்லி ஒருக்காச் சொல்லுங்கோ. நான் எழுதிறன்."

யோகேந்திரன் இருந்தார். புஷ்பராணி என்று ஒருமுறை சொன்னார். அவள் இறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதேயில்லை.