தரையில் பாவாத கால்

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். மருத்துவமனையில் நடையை அளக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் காலில் எதை எதையோ ஒட்டி, ஓடவிட்டு, கேமராவில் பிடித்து, எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று திரையில் காட்டுவாள். அவளிடம் போய் நிற்பதைவிட முட்டி வலியோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வலி விடவில்லை. டாக்டரோ, "ஓட்டத்தை விட்டுடுங்க, நடந்தா போதும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் ஓடும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் மனைவியில்லை, அம்மாவில்லை, மேலாளரில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கென்று என்ன இருக்கிறது? அழுகையே வந்துவிட்டது.

"என் தங்கச்சிகிட்ட ஒரு தடவை காட்டேன்" என்றார் கணவர். வேறு வழியில்லாமல் போனேன்.

இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் பளபளவென்று சின்ன உருண்டைகளை ஒட்டினாள். பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் வாங்கிய, குதிகாலில் மெத்தை வைத்த ஷூவோடு ட்ரெட்மில்லில் ஏறி ஓடினேன். திரையைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணி, உங்க காலு தரையிலயே பாவல."

வந்ததே கோபம்! மேலாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் குத்திக் காட்டுகிறாளே!

"ஆமா, எனக்குத் தலைக்கனம்தான். எனக்கு ப்ரமோஷன் வந்தா உனக்கு ஏன் எரியுது?" என்று இறங்கிவிட்டேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். "ஐயோ, நான் நிஜமாவே காலைத்தான் சொன்னேன் அண்ணி! இங்க பாருங்க."

திரையில் ஒரு குச்சிப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். நான்தான் அது. ஒவ்வொரு அடிக்கும் காலை எட்டிப் போட்டுக் குதிகாலில் விழுந்தாள். கணுக்கால் சும்மா வேடிக்கை பார்த்தது. இடியெல்லாம் முட்டியின் தலையில்.

"மெத்தை இவ்ளோ உசரமா இருந்தா பாதத்துக்குத் தரையே தெரியாது. மெத்தையை நம்பி ஓங்கிக் குத்துறீங்க. இப்போ ஷூவைக் கழட்டிட்டு ஓடுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓடினேன். யாரும் சொல்லாமலே காலை எட்டிப் போடுவது குறைந்தது. முன்பாதம் மெதுவாகத் தொட, கணுக்கால் மடங்கி நிமிர்ந்து தன் வேலையைத் தானே செய்தது. முட்டிக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதுக்காக வெறுங்காலோட ரோட்டுல இறங்கிடாதீங்க" என்றாள். "மெல்லிசா ஒரு ஷூ வாங்குங்க. முதல் நாள் பத்து நிமிஷம்தான். இனிமே முட்டி சுமந்ததைக் கெண்டைக்கால் சுமக்கணும். அதுக்குப் பழக்கமில்ல, வலிக்கும். வலிக்கட்டும். ஆனா மறுநாளும் முட்டிதான் வலிக்குதுன்னா, டாக்டர் சொன்னபடி ஓட்டத்தை விட்டுட வேண்டியதுதான்."

புது ஷூவில் பத்து நிமிடம் ஓடினேன். ஓடும்போது பறந்தேன், அன்று இரவு படுக்கையில் முட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் எழுந்து காலைக் கீழே ஊன்றியதும், "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் கணவர் அலறியடித்து எழுந்தார். எங்கே வலி என்று ஒவ்வோர் இடமாக அமுக்கிப் பார்த்தேன். முட்டியை மடக்கினேன், நீட்டினேன், மறுபடியும் மடக்கினேன். பிறகு நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"கெண்டைக்கால் ரெண்டும் உயிர் போகுதுடி!"

"முட்டி?"

"அது பாட்டுக்கு இருக்கு. ஒண்ணுமே இல்ல!"

அந்தப் பக்கம் அவள் கத்தினாள், இந்தப் பக்கம் நான் கத்தினேன். கண்ணீர் வேறு வந்துவிட்டது.

"வலிக்குதுன்னு சொல்ற, அதுக்கா ரெண்டு பேரும் இப்படிக் கும்மாளம் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கணவர் தைலம் தேடப் போனார்.