மாதுளைக் கறை

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் குடித்த தம்ளரைக்கூடக் கழுவிக் கவிழ்க்காத மனுஷன், கொஞ்ச நாளாகத் தன் சட்டையைத் தானே துவைத்துப் போட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? புருஷன் பஸ் டிரைவர். அவளோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கறைகளோடு மல்லுக்கட்டுகிறவள்.

அவளுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரம், கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த சட்டை சிக்கியது. கைமுனையில் பழுப்புச் சிவப்பாய் ஒரு கறை. மோந்து பார்த்தாள். பழவாசனை, சோப்புவாசனை எதுவும் இல்லை.

"சட்டையில என்னங்க இது?" என்றாள், குளியலறைக் கதவோரம் நின்று.

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. "மாதுளம்பழம்மா. டிப்போவில ஒருத்தன் குடுத்தான்."

"உங்களுக்குத்தான் பழமே ஆகாதே?"

"ஏன், இனிமே உன்கிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் திங்கணுமா?"

அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஒரு மாதுளை வாங்கிவந்து, பழைய வெள்ளைத் துணியில் பிழிந்து காயவைத்தாள். இரண்டு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைப் பவுடரைக் கரைத்தாள். கொதித்தால் பவுடரிலுள்ள என்சைம் செத்துவிடும். ஒன்றில் சட்டை, மற்றதில் துணி. ரத்தம், பால், முட்டை மாதிரிப் புரதக் கறையென்றால் அந்த என்சைம் பொடிப்பொடியாக நறுக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடும். பழத்தின் சாயத்தைச் சீண்டவே சீண்டாது.

சட்டை மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒரு கறை போய்விடக் கூடாதே என்று அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிநேரம் கழித்து அலசினாள். துணியில் மாதுளைக் கறை பவுடரின் காரத்தில் மங்கிய நீலமாக மாறி அப்படியே அப்பிக்கிடந்தது. சட்டைக் கையில் சுவடே இல்லை.

மாலையில் வந்து உட்கார்ந்தவர் கொடியில் சட்டையைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! பளிச்சுனு போயிடுச்சே!" என்றார்.

"போயிருக்கக் கூடாதுங்க." துணியை அவர் மடியில் போட்டாள். "மாதுளைன்னா இப்படி நிக்கும். முகத்தைத் திருப்பிக்கிட்டு இருமுறீங்களே, அப்போ ரத்தம் வருதா?"

ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை. "மாசம் ஒண்ணாகுது. வெளியில தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்கம்மா."

"பிடுங்கட்டும். ஷூவைக் கழட்டாதீங்க. டாக்டர் ஏழு மணிவரைக்கும் இருப்பார்."

"நாளைக்குப் போலாமே?"

"ஒரு மாசமா நாளைக்குத்தானே போய்க்கிட்டிருக்கீங்க? எந்திரிங்க."

அவர் எழுந்தார். படியிறங்கும்போது இருமல் வந்தது. இந்தத் தடவை அவளுக்கு மறைத்துத் திரும்பிக்கொள்ளவில்லை.