நல்லசாமி போட்ட இரண்டு கோடு

விலை சரிந்த அந்த வருஷம் பேக்டரிகள் நினைத்த நாளில் பச்சைத் தேயிலை எடுத்தன, நினைத்த நாளில் கேட்டைச் சாத்தின. நான் ஜாகீர். கட்டபெட்டுப் பக்கம் சிறு விவசாயிகளின் தேயிலையை ஏற்றும் பிக்கப் வண்டிக்காரன். மூட்டைகளோடு கேட் கேட்டாக அலைந்து நாய் படாத பாடு பட்டவன்.

என் வண்டியில் தேயிலை ஏற்றிவிடும் தெய்வம்மா அக்காவின் மகள் ரேணுகா இதற்கென்றே ஒரு வெப்சைட் போட்டாள். பேக்டரி கிளார்க்குகள் இன்டர்நெட்டில் இருக்கும் ஒரே ஷீட்டில், அவரவர் போனிலிருந்தே, "எடுக்கிறோம்" அல்லது "இல்லை" என்று தினமும் எழுதுவார்கள். அவளுடைய புரோகிராம் அதைப் படித்து வெப்சைட்டில் பச்சை, சிவப்பு என்று காட்டும். "போனைப் பார்த்தா தேயிலை வித்துருமா?" என்று நக்கலடித்தேன். ஆனாலும் அதைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பியதில்லை.

ஒருநாள் வண்டி நிறைய மூட்டை, பாதி தெய்வம்மா அக்காவுடையது. போனில் எல்லாமே சிவப்பு. மூட்டைக்குள் தேயிலை சூடேறிக்கொண்டிருந்தது. கருகினால் எவனும் தொடமாட்டான். பேக்டரிகளுக்கு அடித்துப் பார்த்தேன். எடை போடும் நேரத்தில் யார் போனை எடுப்பார்கள்? எரிச்சலோடு ரேணுகா வீட்டு முன் வண்டியை நிறுத்தினேன்.

"ஏம்மா, எல்லாம் சிவப்பாக் கெடக்குது. ஓடையில கொட்டிட்டுப் போறேன்."

காலையிலிருந்து பறித்த தெய்வம்மா அக்காவின் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது.

"கொட்டாதீங்க பாய், கொஞ்சம் பொறுங்க." ரேணுகா லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்தாள். மற்ற பேக்டரிகளுக்கெல்லாம் "இல்லை" என்றே இருந்தது; ஒரு பேக்டரியின் கிளார்க் நல்லசாமியின் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் இருந்தன.

எடை நோட்டில் மேலே உள்ளதே கீழேயும் என்றால் இரண்டு கோடு இழுத்துவிடுவது எங்கள் கிளார்க்குகளின் வழக்கம். மேல் கட்டத்தில், முந்தின நாளுக்கு, "எடுக்கிறோம்" என்றிருந்தது. புரோகிராமுக்குக் கோடு புரியவில்லை. புரியாததை எல்லாம் சிவப்பாக்கிவிட்டது.

"அந்தாளை நாலு கேள்வி கேக்கணும்," என்றேன்.

"அவரு சரியாத்தான் எழுதியிருக்காருங்க பாய். என் புரோகிராமுக்குத்தான் படிக்கத் தெரியல."

கோடு இருந்தால் மேல் கட்டத்தைப் பார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். என் போனில் பச்சை வந்தது. அடேயப்பா! படித்த பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

வண்டியை விரட்டினேன். நல்லசாமி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சூடாயிருச்சுங்க. ஆனா கருகல. இறக்குங்க."

உடனே தெய்வம்மா அக்காவுக்குப் போன் போட்டேன். தேயிலையை எடுத்துக்கொண்டார்கள் என்றேன்.

"அப்ப நாளைக்கும் பறிக்கலாமா பாய்?"

"அதை எதுக்குங்கக்கா என்கிட்டக் கேக்கறீங்க? உங்க மகளைக் கேளுங்க. நானே அந்தப் பிள்ளையைக் கேட்டுத்தான் இனி வண்டி எடுக்கப்போறேன்."