மங்கம்மாவின் இடது கால்

மங்கம்மாவும் எல்லாரையும் போலக் கூழ் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் சாலவாக்கத்தில் யார் நம்பினார்கள்? ஒல்லியாய்ப் பிறந்தவளைப் பார்த்தால் ஐயோ பாவம் என்கிற ஊர், பருத்தவளைப் பார்த்தால் மட்டும் கெக்கலி கொட்டும். நாற்று நடப் போனால் சேறு தாங்காது என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவாள். அந்த அழுகையைப் பார்த்தவள் அக்கா அம்முலு ஒருத்திதான்.

தாய் இல்லாத வீடு. அதனால் தலைப்பிரசவம் அம்முலுவின் வீட்டில் நடந்தது. இரண்டு முறை கலைந்து மூன்றாவதாய்த் தங்கிய கரு. ஆண் பிள்ளை. புருஷன் எல்லப்பன் பழையசீவரத்துப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. ஒரு நாள் வந்து பிள்ளையைப் பார்த்தான், அம்முலுவை நம்பிப் பெண்டாட்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

நம்பியதில் தப்பில்லை. சுற்று வட்டாரத்தில் சுளுக்கு, பிடிப்பு என்றால் அம்முலுவைத்தான் தேடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்க வேண்டியதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் பார்த்தாள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பச்சை உடம்பு நீர் கோத்துக்கொள்ளும் என்று வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தாள். பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றித் தீட்டுக் கழிக்கும்வரை பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பருத்த உடம்பாயிற்றே, கூடுதலாகவே படுக்கட்டும் என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள் மங்கம்மா. மறுநாள் அந்தக் கால் மட்டும் வீங்கிப் பளபளவென்று நின்றது. தொட்டால் சுட்டது. பார்க்க வந்த பெண்கள், இந்த உடம்பைத் தூக்கினால் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு காலும் சேர்ந்துதானே உடம்பைத் தூக்கியது, ஒரு கால் மட்டும் ஏன் வீங்கியது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

தோன்றியது நர்ஸம்மாவுக்குத்தான். பிள்ளையை எடை போட வந்தவள், தாயின் காலைப் பார்த்ததும் முகம் மாறிப்போய் அம்முலுவை வாசலுக்கு அழைத்தாள்.

"பருமனான பொம்பளைங்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். பிள்ளை பெத்து, தண்ணியும் குடிக்காம படுத்தே கிடந்தா இன்னும் சீக்கிரம். காலுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. தேய்ச்சிடாதீங்க. தேய்ச்சா அது கிளம்பி நெஞ்சுக்கு ஏறிடும். காலையில முதல் பஸ்ல செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்முலு தலையாட்டினாள். தீட்டுக் கழியாமல் எப்படிப் படி தாண்டுவது என்று மனசு இழுத்தது. இருந்தாலும் உள்ளே போய்த் தங்கையிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள்.

"பஸ்சுல நான் வர்லக்கா," என்றாள் மங்கம்மா. "போன தபா ஏறச்சொல்ல, ரெண்டு டிக்கிட்டு வாங்குன்னான் கண்டக்டரு. பஸ்சே சிரிச்சிச்சி. இன்னா ஆனாலும் சரி, நான் வர்ல. நீ தேச்சு வுடு, போதும்."

அம்முலு மறுத்தாள். ஒரு நாள் முழுக்க மறுத்தாள். முதல் பஸ் போயிற்று, அடுத்ததும் போயிற்று. மங்கம்மா வலியில் பாயைப் பிறாண்டினாள், அக்கா அக்கா என்று அரற்றினாள். நர்ஸம்மா பிள்ளை பெறாத சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று அம்முலு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது வருஷமாக இந்தக் கை யாருக்கும் கெடுதல் செய்ததில்லையே. சாயங்காலம் நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து உட்கார்ந்தாள். கணுக்காலிலிருந்து தொடைவரை, கீழிருந்து மேலாக, நிதானமாக நீவிவிட்டாள்.

வலி குறைந்துவிட்டது என்றாள் மங்கம்மா. இரண்டு நாளாகக் காணாத சிரிப்பு முகத்தில் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சட்டென்று மாரைப் பிடித்தாள். வாய் காற்றுக்கு ஆலாய்ப் பறந்தது, உதடு நீலம் பாரித்தது. அம்முலு தாங்கிப் பிடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

காற்று சேஷ்டை, பச்சை உடம்பைப் பேய் அறைந்துவிட்டது என்றார்கள் ஊரார். மறுநாள் பாடை கட்டும்போதுகூட, நாலு பேர் போதாது, எட்டு பேர் வேண்டும் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அம்முலுவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அழுது ஓய்ந்த எல்லப்பன் அவளிடம் வந்தான். "நீ கீறன்ற தைரியத்துலதான் நான் வேலைக்குப் போனேன் அண்ணி. கடைசி வரிக்கும் அவ காலப் புடிச்சிக்கினு கீறியே. பெத்தவகூட இப்டி செய்யமாட்டா."

"தேய்க்காதன்னு நர்ஸம்மா சொன்னாங்க," என்றாள் அம்முலு. "நான் தேச்சேன். நான்தான் அவள சாவடிச்சேன்."

எல்லப்பன் அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாவம், துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறாள் என்று பெண்கள் அவளைச் சுவரோரமாய் உட்காரவைத்தார்கள். அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்த வீட்டில் அதை நம்ப ஒருத்தரும் இல்லை.