மூடி வைத்த ஓசை

கேசட் அட்டையில் தன் பெயர் வரப்போகிறது என்று ராபர்ட் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஊர் என்றால் நொச்சிக்குப்பம். அவன் அம்மா தேசம்மா, சாலையோரத்தில் வஞ்சிரம் வெட்டித் தரும்போது வாங்க வந்தவர்களுக்கு அந்தச் செய்தியையும் சேர்த்தே தந்துகொண்டிருந்தாள்.

"எம் புள்ள பேரு கேசட்ல வருது. அவன் பாடல. பாட்டுக்குள்ள கேக்குதே சத்தம், அதெல்லாம் அவன் பண்ணது."

அவள் சொன்னது சரிதான். ஆழ்வார்பேட்டையில் இசையமைப்பாளர் சுப்பராமனின் மாடி ஸ்டுடியோவில் ராபர்ட் ஏழு வருஷமாக வேலை பார்த்தான். சிந்தசைசர் வாசிக்க சென்னையில் ஆள் பஞ்சமில்லை. அந்தப் பெட்டிக்குள் புகுந்து, அலைகளைக் கலந்து, வடிகட்டி, இதுவரை யாரும் கேட்காத ஓர் ஒலியை எழுப்பத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ராபர்ட் அந்தக் குறைவானவர்களில் ஒருவன். அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

"இந்தப் படத்துல உன் பேர் போட்டுடறேண்டா. 'ஒலி வடிவமைப்பு'ன்னு தனி வரி" என்று சுப்பராமன் பொங்கலன்று வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கல்.

ராபர்ட்டிடம் ஒரு பழக்கம் இருந்தது. முன்பு ஒருமுறை, கீபோர்டு இரவல் வாங்கிப் போன ஒருவன் அவன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒலியை ஃபிளாப்பியில் சுருட்டிக்கொண்டான். அடுத்த மாதமே அது ஒரு சோப்பு விளம்பரத்தில் நுரையோடு பொங்கியது. அன்று முதல் ராபர்ட் எந்த ஒலியையும் மூடித்தான் சேமிப்பான். கீபோர்டின் இடது ஓரத்தில் விரலால் உருட்டும் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. அதைப் பாதிக்குச் சற்று மேலே ஏற்றினால்தான் அந்த ஒலி திறக்கும். ஏற்றாமல் வாசித்தால் தலையணைக்கு அடியில் ரேடியோ பாடுவது போல மந்தமாக வரும். திருடுகிறவன் அதைத் திருடிக்கொண்டு போகட்டும்! பெயரும் அப்படித்தான் வைப்பான்: டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு.

அந்தப் படத்தில் கதாநாயகி தனியாக அழும் பாட்டுக்காக, பொங்கலுக்கு முன்பிருந்தே மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது டெஸ்ட் ஏழு. கரையில் இழுத்துக் கட்டிய படகுக் கயிற்றில் கடல் காற்று மோதும்போது எழும் முனகலை டேப்பில் பிடித்து வந்து, அதன் மேல் புல்லாங்குழலுக்கும் மனிதக் குரலுக்கும் நடுவில் ஒரு அலையை ஏற்றியிருந்தான். திறந்து கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

ஸ்டுடியோவில் இப்போது இன்னொருவனும் இருந்தான். ஷ்ரவண், சுப்பராமனின் அக்கா மகன். அடையாறு வீட்டிலிருந்து தன் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கீபோர்டிலிருந்து ஒரு வயரைச் செருகினால் ஒலியின் குடல் வரை திரையில் படமாகத் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் மாமா, பெட்டியே வேண்டாம். எல்லாம் சாஃப்ட்வேர்ல வந்துடும்" என்பான்.

"அப்போ என்னை இன்னா பண்ணுவ தம்பி? ஃபிளாப்பில போட்டு வெச்சிப்பியா?" என்று ராபர்ட் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ராபர்ட் சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் அவன் அப்பா வேதநாயகம் இறந்து முதல் வருஷப் பூசை வந்தது. இரண்டு நாள் லீவு கேட்டான். பாட்டு வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் பாடகிக்கு வெள்ளிக்கிழமை வேறு ஊரில் கச்சேரி. வியாழனே வந்து பாடிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளி காலை ராபர்ட் படியேறியபோது சுப்பராமன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாடா! நேத்தே முடிஞ்சுடுத்து. ஷ்ரவண்தான் வாசிச்சான். உன் டெஸ்ட் ஏழைத்தான் போட்டுண்டோம். கேளு."

ராபர்ட் கேட்டான். மூடிய ஒலி. தலையணைக்கு அடியில் ரேடியோ.

உள்ளுக்குள் அவனுக்கு ஒரு குதூகலம். 'மாட்டிக்கிட்டாங்க!'

"சார், இது சரியில்ல சார். இன்னொரு டேக் எடுக்கலாம்."

"எது சரியில்லே?"

எது என்று சொன்னால் பூட்டைச் சொல்ல வேண்டும். ராபர்ட் தலையைச் சொறிந்தான். "இன்னாவோ டல்லா கீது சார்."

"அதாண்டா அழகு" என்று சொல்லி அவர் டேப்பை நிறுத்தினார்.

பாட்டு படுத்துவிடும், அப்புறம் தன்னிடம்தான் வர வேண்டும் என்று ராபர்ட் காத்திருந்தான். பாட்டு படுக்கவில்லை. ஏப்ரலில் பாண்டி பஜாரில் பாத்திரக்கடை, துணிக்கடை, கரும்புச் சாறு வண்டி என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டுதான். எல்லோரும் பேசியது அந்த மந்தமான முனகலைப் பற்றி. 'வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல இருக்கிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது.

கேசட்டை தேசம்மாவே வாங்கி வந்து மகனிடம் நீட்டினாள். "உம் பேரு எங்க கீதுன்னு காட்டுடா. பக்கத்து வூட்டு ஜானு பாக்கணுங்கிறா."

அட்டையின் உள்பக்கத்தில் தனி வரி இருந்தது. ஒலி வடிவமைப்பு: ஷ்ரவண்.

ராபர்ட் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆழ்வார்பேட்டை வரை நடந்தே போனான். சுப்பராமனும் ஷ்ரவணும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது என் ஒலி சார்!"

"யாருடா இல்லேன்னா? நீ பண்ணினதுதான். ஆனா அன்னிக்கு அதை வாசிச்சு, பாட்டுக்கு ஏத்தமாதிரி அமைச்சது இவன்."

"அமைக்கல சார். மூடினதை மூடினபடியே வாசிச்சிருக்கான். இப்ப கேளுங்க." கீபோர்டில் உட்கார்ந்து டெஸ்ட் ஏழை எடுத்தான். சக்கரத்தை ஏற்றினான். கயிறும் காற்றும் குரலும் அறை முழுக்க விரிந்தன. ராபர்ட்டின் கண் கலங்கிவிட்டது. "இதான் சார் நெசம்."

சுப்பராமன் ஷ்ரவணைப் பார்த்தார். ஷ்ரவண் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இதை அன்னிக்கே கேட்டோம், அண்ணா. ஸ்க்ரீன்ல சக்கரத்துக்குக் கனெக்ஷன் போயிருக்கறது தெரிஞ்சுது. ஏத்திப் பார்த்தேன். பாடறவா குரலை அமுக்கறது. மூடினதுதான் நன்னா இருக்குன்னேன், மாமாவும் சரின்னார்."

ராபர்ட்டின் பூட்டை ஒருவன் திறந்திருக்கிறான். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மூடியிருக்கிறான்.

"மூடினதும் நான்தான் பண்ணேன் சார்" என்றான் கடைசியில்.

"எதுக்குடா பண்ணினே?"

ராபர்ட் சக்கரத்தைக் கீழே இறக்கினான்.

"நானே சொல்லட்டுமா? எடுக்கறவன் கையில கெட்டுப் போகணும்னு பண்ணினே. ஏழு வருஷமா என் ரூம்ல உக்காந்துண்டு, என்கிட்டயே பூட்டிப் பூட்டி வெச்சிருக்கே. நான் என்ன திருடனா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இது நன்னா இருக்குன்னு சொன்னவன் எவனோ, அவன் பேரைப் போட்டேன். நீ டல்லா இருக்குன்னியே, ஞாபகம் இருக்கா?"

ராபர்ட்டுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

வேலையை விட்டுப் போகவும் இல்லை அவன். போனால் எங்கே போவது? இப்போது யாரிடம் போனாலும் அந்த மந்தமான ஒலியைத்தான் கேட்பார்கள். 'நான்தான் செய்தேன்' என்றால் அட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள்.

மே மாதம் அடுத்த படம் வந்தது. தயாரிப்பாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதே மாதிரி ஒரு ஓசை வேண்டும்.

"ராபர்ட், நீ ஒண்ணு பண்ணு. ஷ்ரவண் பாத்து மூடிக்கட்டும்" என்றார் சுப்பராமன்.

ஷ்ரவண் மூடிப் பார்த்தான், சரிப்படவில்லை. "நீங்களே மூடிக் குடுங்கண்ணா" என்று எழுந்து இடம் விட்டான்.

ராபர்ட் உட்கார்ந்தான். அன்று டெஸ்ட் ஏழை மூட அவனுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதைக் குறைத்தான், எதைக் கெடுத்தான் என்று கவனித்தே பார்க்காமல், ஒரு வன்மத்தோடு அமுக்கிவிட்டுப் போன வேலை அது. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் குறைத்தான். வடிகட்டியை இறக்கினான், ஏற்றினான். காலையில் தொடங்கியது, சாப்பாட்டு வேளையும் தாண்டிவிட்டது. வந்ததெல்லாம் வெறும் மந்தம். அதில் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு அழவில்லை.

"இது இல்லண்ணா" என்றான் ஷ்ரவண், பின்னால் நின்றுகொண்டு. மரியாதையாகத்தான் சொன்னான்.

"தெரியும்" என்றான் ராபர்ட். அடுத்ததைத் தொடங்கினான்.