வரிசையில் நின்ற சுழிகள்

ஆய்வுக் கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு ஊருக்குக் கிளம்பலாம், இரண்டு மாதம் விடுப்பு என்று பேராசிரியர் போன வாரம் எழுதியிருந்தார். அதை அவள் எத்தனை முறை படித்தாள் என்று கேட்காதீர்கள். மூன்று வருடமாகக் கணவனும் ஆறு வயது மகளும் வேறு நாட்டில். இவள் இங்கே ஜன்னலில்லாத ஆய்வுக்கூடத்தில். சில நாள் முழுக்க வாயைத் திறக்கவே வேலை இருக்காது.

செய்த வேலை இதுதான். இரண்டு உலோகங்களின் ஆவியைக் கலந்து, அண்டவெளியை விடக் குளிராக்க வேண்டும். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் அந்த வாயு மேகமும் சுழலும், அதில் குழிகுழியாகச் சுழிகள் விழும். ஒரு உலோகத்தின் குழியில் மற்ற உலோகம் போய் உட்கார்ந்துகொள்ளும். காந்தங்களின் இழுபறியில் இந்தச் சுழிகள் வரிவரியாக நிற்கும் என்று கணக்கு சொன்னது. கணக்குப் போட்டவருக்கென்ன, அழகாகப் படம் வரைந்து அனுப்பிவிட்டார். கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவள் இவள்.

பார்ப்பதும் லேசில்லை. படமெடுக்கும் வெளிச்சமே மேகத்தை அழித்துவிடும். ஒரு மேகம், ஒரு படம், அவ்வளவுதான். வந்த படங்களும் மணல் தூவியதுபோல் இருந்தன. வரி இருந்தாலும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் ஆயிரம் படங்களைத் திருப்பி, நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். போன மாதம் வரிகள் பளிச்சென்று தெரிந்தன. கட்டிப்பிடிக்க ஆளில்லாமல், தொடவே கூடாத லேசர் மேசையைத் தட்டிக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை மதியம் கட்டுரையின் செய்முறைப் பகுதியை முடிக்க உட்கார்ந்தாள். 'ஒவ்வொரு படத்தையும், கணக்கிட்ட படத்தோடு மிக நன்றாகப் பொருந்தும் விதத்தில் திருப்பினோம்' என்று தட்டியதும் விரல் நின்றது.

தேடுகிற உருவத்தையே அளவுகோலாக வைத்துத் திருப்பினால் அது தெரியாமல் வேறென்ன தெரியும்? சோதிக்க வழி இருந்தது. வாயுவே இல்லாமல், அதை அடைத்துவைக்கும் கூண்டை மட்டும் வெறுமையாக எடுத்த ஆயிரம் படங்கள் கணினியில் கிடந்தன. அவற்றை அதே முறையில் அடுக்கினாள். அடுக்காமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

கால் மணியில் திரையில் வரிகள் வந்தன. ஒன்றுமே இல்லாத இடத்தில், அச்சு அசலாக அதே வரிகள்.

அவளைப் பெரிய நீதிமானாக்கிவிட வேண்டாம். நாற்பது நிமிடம் அந்தப் படத்தை அழித்துவிடத்தான் யோசித்தாள். பிறகு போன மாதப் படத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் உடனே பதில் போட்டார்: 'நல்லவேளை. விடுப்பைத் தள்ளிவைப்போம். முதலிலிருந்து எடு.'

கணவனைக் கூப்பிட்டாள்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"இல்லங்க." நடந்ததைச் சொன்னாள்.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியுதே."

அவன் கெட்டவனல்ல. பெருமூச்சு விட்டதோடு சரி. "எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு வருஷம்கூட ஆகலாம். பாப்பாகிட்ட போன் குடுங்க. வெள்ளிக்கிழமை கிளம்பறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். நானே சொல்றேன், ஏமாந்துடுவா."

"வேணாம். ஏமாற மாட்டா."

"ஏன்?"

"நீ வரேன்னு சொன்னத அவ நம்பவே இல்ல."

ஆதாரம் கேட்கிற பிள்ளை, நம் தொழிலுக்கு ஆகும் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.