பூசணம் பூத்த கண்ணாடி

என் கேமராவின் கண்ணாடியைப் பற்றி மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் குறை சொன்னது கிடையாது. அது அதிகமும் படம் பிடித்தது செத்தவர்களைத்தான்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் போய்விட்டால் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, மாலையைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். ஊரில் இருக்கும் உறவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். நான் போய் மூன்று கால் கட்டையை நிறுத்தி, கண்ணாடி மூடியைத் திறந்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி மூடுவேன். பிணம் அசையாது. சுற்றி நிற்பவர்கள் அழுது அசைந்து மங்கிப் போவார்கள். அவர்களை யார் பார்க்கப் போகிறார்கள்? ஊரில் இருப்பவன் பிணத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொள்வான். ‘அப்படியே தூங்குற மாதிரி இருக்கு’ என்று கடுதாசி வரும். அந்தக் கடுதாசிகளை நம்பித்தான் எட்டு வருடம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரனிடம் இரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்குக்கு மாற்றாக வாங்கிய கேமரா அது. இழுத்தால் துருத்தி மாதிரி நீளும். கண்ணாடி இங்கிலாந்தில் செய்தது என்றான். இங்கிலாந்தில் செய்த எல்லாவற்றையும் நாங்கள் அப்போது நம்பினோம்.

அப்புறம் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி கொண்டு வந்தான். லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது, கேட் வந்தது, துப்பாக்கியோடு எஸ்.சி.க்காரன், அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள், வந்தான். ஆளுக்கொரு ஐ.சி., அதாவது அடையாளக் கார்டு வேண்டும், அதில் மூஞ்சி வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஆட்களைப் படம் எடுக்கும் வேலையைத் துரை என் தலையில் கட்டினார். மழை இருட்டில் புகைக்கொட்டகைச் சுவர் ஓரமாக இரண்டே நாளில் இருநூற்று நாற்பது பேரை உட்கார வைத்து எழுப்பினேன். படம் என்றதும் ஆளாளுக்கு ஒரு டப்பா பவுடரை அப்பிக்கொண்டு வந்தார்கள். ‘மூச்சு விடாதே’ என்று நான் சொன்னதும் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு பிணம் மாதிரி உட்கார்ந்தார்கள். பதிவு அதிகாரி அந்தப் படங்களை ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஒட்டி முத்திரை குத்தினார். எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பஞ்சாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, அவளுடைய ஐ.சி.யை என் மடியில் எறிந்தாள்.

பஞ்சாலை நல்லசாமியின் பெண்சாதி. நல்லசாமி தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தவன். ஒன்றரை வருடமாக உள்ளே இருக்கிறான். அவனை ஊருக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள் என்றும், வருகிற சனிக்கிழமை சிரம்பான் ஜெயிலில் பெண்சாதி வந்து ஒரு தடவை பார்க்கலாம் என்றும் கடுதாசி வந்திருந்தது. அவள் பிறந்தது இங்கே. அவன் பிறந்தது ராமநாதபுரத்தில். கப்பல் போய்விட்டால் போனதுதான்.

“கேட்டுல புதுசா வந்திருக்கிறவன் விட மாட்டேங்குறான், அண்ணே. அம்பாங்கான் கடைக்குப் போயி அவருக்கு ரெண்டு வேட்டி வாங்கிட்டு வரலாம்னு போனேன். கார்டைப் பாக்குறான், என்னைப் பாக்குறான். ‘புக்கான் லா, புக்கான்’ங்குறான். இது நான் இல்லையாம்!”

“நீ பவுடரை அப்பிட்டு வந்து உக்காந்திருப்ப.”

“பவுடரா? அவரைப் புடிச்சிட்டுப் போன மறுவாரம் எடுத்த படம் இது. எனக்குப் பவுடர் ஒன்னுதான் கொறச்சல்! நல்லாப் பாருங்க. இது யாரு? நானா, முனியாண்டியா?”

முனியாண்டி எங்கள் மாட்டுக்காரன். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு தலை இருந்தது. தலையைச் சுற்றி ஒரு புகை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. முனியாண்டியாகவும் இருக்கலாம்.

உள்ளே இருந்து என் பெண்சாதி முத்தாயி எட்டிப் பார்த்தாள். “எட்டு வருசமா இதைத்தான் நான் சொல்றேன். எங்க ஆத்தா செத்தப்ப எடுத்த படத்துல ஆத்தாளுக்கு மீசை இருந்துச்சு.”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். உங்க கண்ணாடிதான் சும்மா இருக்க மாட்டேங்குது.”

பஞ்சாலை சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை பதிவு ஆபீசர் ஆபீசுக்கு வராராம். வேற படம் குடுத்தா மாத்தி ஒட்டிக் குடுப்பாராம். வியாழக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு மூஞ்சி வேணும், அண்ணே. இல்லாட்டி சனிக்கிழமை நான் இந்தக் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

அன்று மரம் வெட்டிப் பால் எடுத்து, அதைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். எட்டு வருடமாக வெளியே துடைத்தேனே தவிர உள்ளே பார்த்தது இல்லை. உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் பூசணம் பூத்திருந்தது. இந்த ஈரத்தில் சுவர் பூக்கிறது, செருப்பு பூக்கிறது, கண்ணாடி மட்டும் பூக்காதா? நான் அதை உயிர் மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்தேன். அந்தத் துணிதான் அதற்கு எரு.

திருநீறு போட்டுத் துடைத்தேன். சுண்ணாம்பு போட்டுத் துடைத்தேன். செவ்வாய்க்கிழமை முத்தாயியை வெயிலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக் கழுவினேன். முன்பு புகை மட்டும் இருந்தது. இப்போது புகையோடு கீறலும் சேர்ந்திருந்தது. “இது யாரு?” என்று முத்தாயி கேட்டாள். வேண்டுமென்றுதான் கேட்டாள்.

வேறு கண்ணாடிக்கு எங்கே போவது? போன வருடமே சிரம்பானில் ஒரு சீனன் ஸ்டுடியோவில் ஒன்றைப் பார்த்தேன். பெட்டிக்குள் பூனைக் கண் மாதிரி உட்கார்ந்திருந்தது; விலை எனக்கு எட்டாது. என் கண்ணாடியை அவனிடம் காட்டினேன். அவன் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைப் பையனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். செண்டாயான் பக்கத் தோட்டத்தில் ஒரு தையல்காரன் பெட்டிக் கேமரா வைத்திருந்தான். அவன் எடுத்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குக் கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி இராசரத்தினம். அவரிடம் புதுசாக ஒரு ஜெர்மன் கேமரா இருந்தது. வாங்கி நான்கு மாதத்தில் தன் நாயையும், தன் காரையும், காருக்குப் பக்கத்தில் நாயையும் எடுத்திருந்தார்.

அவரிடம் போவதற்குப் பதில் ஒரு கையை வெட்டிக்கொள்ளலாம். போலீஸ் வந்து ‘கூட்டம் போட்டவன் யார்’ என்று கேட்டபோது, ஆட்கள் பேர் எழுதிய செக்ரோலைத் திறந்து நல்லசாமியின் பெயரையும் வீட்டு நம்பரையும் வாசித்தவர் அவர்தான். அவரை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி. எங்களைப் பார்த்தால் மூக்கில் கைக்குட்டையை வைக்கிற ஆள். ரப்பர் பால் நாத்தமாம். அந்தப் பாலில்தான் அவர் வீட்டுக்குக் கார் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவர் பங்களாப் படிக்குக் கீழே போய் நின்றேன்.

“என்ன வீரமுத்து, ஆரும் செத்துப் போச்சினமோ?” என்றார்.

“இல்லைங்க ஐயா. ஒரு படம் எடுக்கணும். உங்க கேமரா ஒரு அரை மணி நேரம்...”

“உன்ர கேமராவுக்கு என்ன வந்தது?”

சொன்னேன். பூசணம் என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என் கண்ணாடிகூடப் பிடித்திருக்கும்.

“ஆருக்குப் படம்?”

“பஞ்சாலைக்கு.”

வெளிச்சம் போய்விட்டது. கார் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவளை இஞ்ச வரச் சொல். நான் எடுத்துக் குடுக்கிறன்.”

“உங்க முன்னாடி அவ உக்கார மாட்டாங்க ஐயா.”

“ஏனாம்?”

அதை நான் சொல்ல வேண்டுமா? அவருக்கும் சொல்லத் தேவை இருக்கவில்லை. “கேட்டவை, சொன்னன். நான் சொல்லாட்டி வேற ஆரும் சொல்லியிருப்பினம்” என்று தன் நாயிடம் சொன்னார். பிறகு என்னிடம், “லேபர் கையில நான் கேமரா குடுக்கேலாது. குடுக்கிறதெண்டால் உன்ர கேமராப் பெட்டியை இஞ்ச கொண்டு வந்து வை. இனிமேல் இந்தத் தோட்டத்தில கலியாணமோ சாவோ, படம் நான்தான் எடுப்பன். விளங்குதோ?”

எதற்காக அப்படிக் கேட்டார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கிராணி ஒருவன் பிணத்தைப் படம் எடுக்க ஆசைப்படுவானா? எங்கள் வீடுகளுக்குள் நான் செருப்போடு போவதையும், எனக்கு நாற்காலி போடுவதையும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. எல்லாம் இருந்தும் அது ஒன்று அவருக்கு இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். முத்தாயி அதன் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பால் நிறுக்கும் கொட்டகைக்கு வெளியே, வெள்ளை அடித்த சுவருக்கு எதிரே பஞ்சாலையை உட்கார வைத்தேன். சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து அவள் முகத்தில் விழ வேண்டும். அது கிராணிக்குத் தெரியாது. அவர் நாய் வெள்ளையாக இருந்ததால் தப்பித்தார். கேமராவைக் கொடுத்துவிட்டு, அதை விட்டுப் போகவும் மனசில்லாமல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்தடி தள்ளி ரப்பர் மரங்களைப் பார்த்து நின்றார். பஞ்சாலைக்கு நான் சொல்லிக் கூட்டி வந்த நிபந்தனை அது: முதுகுதான் தெரியும், மூஞ்சி தெரியாது.

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். “அண்ணே, அங்க யாரோ நிக்கிற மாதிரி இருக்கே. வெருளியா?”

“பேசாதே. நேரா பாரு.”

“வெருளின்னா காக்காய வெரட்டும். இது காக்காய கூப்பிட்டுக் கூட்டைக் காட்டிக் குடுக்குற வெருளி.”

கிராணி திரும்பவில்லை. “சுருளில ரெண்டு படம்தான் மிச்சம் இருக்குது, வீரமுத்து. வீணாக்காதே” என்றார் மரத்திடம்.

“அவரு மொத்தப் பேரையும் வாசிக்கட்டும், அண்ணே. ரெண்டோட நிறுத்த மாட்டாரு.”

“பஞ்சாலை!”

அவள் வாயை மூடினாள். ஆனால் கண் முதுகிலேயே இருந்தது. மூச்சுப் பிடிக்கச் சொல்லவில்லை. எண்ணவும் வேண்டியிருக்கவில்லை. விரல் பட்டதும் ஒரு சின்னச் சொடுக்கு. அவ்வளவுதான். மூன்று எண்ணாமல் எடுத்த படத்தை நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் தொட்டேன். சுருளைக் கழற்றிக்கொண்டு கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது கிராணி அதைக் கைக்குட்டையால் துடைத்தார். நான் தொட்ட இடத்தை மட்டும்.

ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கி, சுருளைக் கழுவிக் காய வைத்து, படத்தைத் தட்டில் போட்டேன். மருந்துத் தண்ணீரில் முதலில் கண்தான் வந்தது. பிறகு புருவம். புருவத்தில் பால் கத்தி பட்ட பழைய தழும்பு, அதற்கு ஒரு தையல் போட்ட புள்ளிகூட. உதட்டில் வெடிப்பு. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும். ஒரு மனுஷி கோபமாக இருந்தால் எப்படி இருப்பாள் என்று தட்டுக்குள் இருந்து என்னை முறைத்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. என் கண்ணாடி எட்டு வருடத்தில் ஒருவரையாவது இப்படிப் பார்த்திருக்கிறதா? சாந்தமான முகம், சாந்தமான முகம் என்று ஊரில் இருந்து எழுதினார்களே, அந்தச் சாந்தம் முழுக்கப் பூசணம். அதைத் தொழில் என்று சொல்லிக்கொண்டு, கழுத்தில் துண்டு போட்டு நடந்திருக்கிறேன் முட்டாள் பயல். பக்கத்தில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் செல்லத்தையும் அவள் மாமியாரையும் என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பதிவு அதிகாரி புதுப் படத்தை ஒட்டி முத்திரை குத்தினார். இந்தத் தடவையும் அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பெரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டு, வாளியோடு கேட் பக்கம் போய் நின்றேன். பஞ்சாலை மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு பொட்டலம். சோற்றுப் பொட்டலம் என்று நினைத்து எஸ்.சி.க்காரன் பிரித்துப் பார்த்தான். காட்டில் இருப்பவனுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்று உத்தரவு. உள்ளே ஒரு பழைய வேட்டிதான் இருந்தது, வெளுத்து மடித்தது. பிறகு கார்டை வாங்கினான். படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் படத்தில் முறைத்த மாதிரியே அவனையும் முறைத்தாள்.

“ஆடோய்!” என்று பயந்த மாதிரிச் சிரித்துவிட்டுக் கேட் கட்டையைத் தூக்கினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாலைக்குப் போய், சிரம்பான் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

ஆபீஸ் வராந்தாவில் இருந்து கிராணி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் தாண்டும்போது, “எப்பிடி, நல்ல கண்ணாடிதானே?” என்றார்.

“நல்ல கண்ணாடிங்க ஐயா” என்றேன். பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கசந்திருக்காது. உண்மையைப் போய் அந்த ஆளிடம் சொல்ல வேண்டியிருந்ததே! வாளியை எடுத்துக்கொண்டு என் மர நிரைக்குப் போனேன்.

சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் வந்தாள். நேராக எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். முத்தாயி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள்.

“பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம். பத்து நிமிசம்.” ஒரு வாய் குடித்தாள். “தலை பூரா நரைச்சிருச்சு, அண்ணே. மொதல்ல எனக்கே அடையாளம் தெரியல. குரலை வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன்.”